வெட்கக்கார மீன்களுக்கு ஒரு வரவேற்பு

டிலைலாவின் எட்டாவது பிறந்தநாளுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள், டிலைலாவைத் தவிர.

அவள் கேக் வைத்திருந்த மேசைக்கு அடியில் இருந்தாள்.

ஊரே நின்று பாட்டுப் பாடியது. மெழுகுவர்த்திகளை வெர்னான் மாமா ஊதினார். கேக்கையும் அவரே வெட்டினார். தனக்கே பிறந்தநாள் என்பதுபோல் நன்றியும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, மேசை விரிப்புக்குக் கீழே இருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

இப்போது அவளுக்குப் பத்து வயது. கூச்சம் அப்படியேதான் இருக்கிறது. பள்ளியில் பெயரைக் கூப்பிட்டால் ஒரு விரலை மட்டும் உயர்த்துவாள். அதுவும் சுண்டு விரலை.

எங்கள் ஊர் கனடாவில், ஃப்ரேசர் ஆற்றின் கரையில் இருக்கிறது. நாங்கள் காலங்காலமாக இங்கேயே வாழ்கிற ஆற்றின் மக்கள். ஆற்றில் வந்து சேர்கிற ஓர் ஓடையும் எங்களுக்கு உண்டு. பெயர் கோணல் ஓடை. பத்தடி நேராகப் போகத் தெரியாத ஓடை அது. பக்கத்திலேயே நெடுஞ்சாலை. அதற்கு நேராகப் போவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அந்த நெடுஞ்சாலையை இரண்டு மடங்கு அகலமாக்கப் போவதாகச் சாலைக்காரர்கள் வந்து சொன்னார்கள். புதிய பாதை வரவேண்டிய இடத்தில் சரியாக ஓடை படுத்திருந்தது. சாலையை நகர்த்த முடியாது, ஓடையை நகர்த்தலாம் என்றார்கள். ஓடையை யாரும் கேட்கவில்லை.

அதன் சார்பில் ரோண்டா சித்தி கேட்டாள். அவள் டிலைலாவின் அம்மாவுக்குத் தங்கை. எங்கள் ஊரின் மீன்களையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்கிற அதிகாரி. சாலைக்காரர்களின் பொறியாளர் குர்தீப் கொண்டுவந்த வரைபடத்தை அவள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன, குர்தீப்?"

"ஓடைங்க."

"ஓடையா? காகிதத்தைப் பாதியா மடிக்கக் கோடு போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நேரா இருந்தா தண்ணி சீக்கிரம் போயிடும்ங்க."

"தண்ணிக்கு என்ன அவசரம்? பஸ் பிடிக்கப் போகுதா?"

குர்தீப் திரும்பிப் போய் ஒரு வளைவு வரைந்துகொண்டு வந்தார். சித்தி பத்தாது என்றாள். இன்னொன்று வரைந்தார். அதுவும் பத்தவில்லை. கடைசியில் படம் கீழே விழுந்த நூல்கண்டு மாதிரி ஆனபோது, "இது ஓடை" என்றாள் சித்தி.

வேலை தொடங்கியது. பாதி ஆட்கள் எங்கள் ஊர்க்காரர்கள், பாதி ஆட்கள் சாலைக்காரர்கள். புதிய பள்ளம் தோண்டினார்கள். கழுவிய கூழாங்கற்களைக் கொட்டினார்கள். மீன்கள் ஒளிந்துகொள்ள, வேரோடு பிடுங்கிய மரங்களைத் தண்ணீர் ஓடும் இடத்தில் படுக்கவைத்தார்கள். கரையெங்கும் வில்லோ மரக் குச்சிகளை நட்டார்கள். "நிழல் வேணும், நிழல் வேணும்" என்று சித்தி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாழ்நாள் முழுக்க நேர்க்கோடு போட்டுப் பழகிய குர்தீப், சாயங்காலம் வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் ஒரு திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "என்ன வளைவு பாருங்க! நான் போட்டது" என்பார்.

கோடையில் தண்ணீரைப் புது ஓடைக்குத் திருப்புவதற்கு முன்னால், பழைய ஓடையில் இருந்த சால்மன் குஞ்சுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டி இருந்தது. பெரியவர்கள் வலைபோட்டுப் பிடித்தார்கள். பிள்ளைகள் வாளியில் தூக்கிப் போனார்கள்.

வெர்னான் மாமாவின் பையன் கோல்பி, வாளியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினான். "பாருங்க, பாருங்க! என் மீனுங்க எல்லாம் டான்ஸ் ஆடுது!"

டான்ஸ் ஆடிய மீன்களில் ஒன்று அவனுடைய பூட்ஸுக்குள் விழுந்தது.

டிலைலாவின் வாளியில் சத்தமே இல்லை. தன் ஸ்வெட்டரைக் கழற்றி வாளியின் மேல் போர்த்தியிருந்தாள்.

"உன் மீனெல்லாம் தூங்குதா?" என்றான் கோல்பி.

"இல்ல. யாரும் பார்க்கலைன்னு நிம்மதியா இருக்கு" என்றாள் டிலைலா.

குஞ்சுகள் புது வீட்டுக்குப் போய்விட்டன. இனி வரவேண்டியது பெரிய மீன்கள். கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஊர் திரும்புகிற கோஹோ வகைச் சால்மன்கள்.

"பழைய ஓடையைத் தேடி வர்ற மீன் புது ஓடைக்கு எப்படி வரும்? சாலைக்காரங்க தோண்டினது அது" என்று ஊர்க்கூட்டத்தில் சிலர் கேட்டார்கள்.

"அதே தண்ணிதான். அதே வாசனைதான். வரும்" என்றாள் சித்தி.

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. சித்தி ரொட்டியைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துபோவதை டிலைலா தினமும் பார்த்தாள்.

இலையுதிர்கால மழை வந்தது. மழையோடு மீன்களும் வந்தன. ஓடை ஆற்றில் கலக்கிற இடத்தில் ஆழமான மடு ஒன்று இருக்கிறது. அங்கே கரிய முதுகுகள் அசைவதை முதலில் பார்த்தது வெர்னான் மாமா. இரண்டாவதாகத் தெரிந்துகொண்டது ஆற்றின் அக்கரையில் இருப்பவர்கள். மாமாவின் குரல் அப்படி.

உடனே வரவேற்புக்கு ஏற்பாடு நடந்தது.

எங்கள் ஊரில் முக்கியமாக ஏதாவது நடந்தால் சாட்சிகளை அழைப்போம். பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் ஒரு காசு வைப்போம். அதை வாங்கியவர் நடப்பதையெல்லாம் கவனமாகப் பார்க்கவேண்டும், நினைவில் வைக்கவேண்டும், பின்னால் யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடியே சொல்லவேண்டும். பாதியில் எழுந்து போகக் கூடாது. புது ஓடைக்கு இரண்டு சாட்சிகள். சாலைக்காரர்கள் பக்கம் குர்தீப். எங்கள் பக்கம் வெர்னான் மாமா.

மாமாவை இதுவரை யாரும் சாட்சியாக அழைத்ததில்லை. சும்மா இருக்கத் தெரியாத மனிதர் என்பதுதான் காரணம். அதனால் இந்தமுறை அவர் உயிரைக் கொடுத்துச் சாட்சியாக இருந்தார். ஓடையின் வாயிலேயே மடக்கு நாற்காலியைப் போட்டார். கம்பளியைப் போர்த்திக்கொண்டார். கையில் பெரிய டார்ச்.

"மீன் இந்த வாசலைத் தாண்டுறதை என் கண்ணால பார்க்காம எந்திரிக்க மாட்டேன்" என்றார்.

முதல்நாள் மாலை ஊரே கரையில் கூடியது. மேளங்கள் முழங்கின. வயதானவர்கள் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று குர்தீப் ஜெனரேட்டர் கொண்டுவந்து விடியவிடிய எரிகிற விளக்குப் போட்டார். 'சால்மன்களே, வருக!' என்று பள்ளிப் பிள்ளைகள் துணியில் எழுதிக் கட்டினார்கள். பெர்னிஸ் பெரியம்மா நீள மேசை போட்டுப் பொரித்த ரொட்டியும் கறுப்புப் பெர்ரி ஜாமும் பரப்பினாள்.

மீன்கள் வரவில்லை.

வரவேற்பு போதவில்லை என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். இரண்டாம்நாள் மேளங்கள் கூடின. விளக்குகளும் கூடின. மாமா ஒலிபெருக்கி கொண்டுவந்தார்.

அன்றும் வரவில்லை.

மூன்றாம்நாள் விளக்குகளை இன்னும் பக்கத்தில் நகர்த்தினார்கள். ஓடையின் வாய் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. மரங்களில் கழுகுகள் வந்து உட்கார்ந்திருந்தன. பகலில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, மடுவில் காத்துக்கிடந்த மீன்களைத் தூக்கிப்போயின. இந்த வரவேற்பில் திருப்தியாக இருந்தவை கழுகுகள் மட்டும்தான்.

"இதுங்க வயித்துல முட்டை நிறைஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே நின்னா, கூழாங்கல்லு இல்லாத சேத்துலயே கொட்டிட்டுச் செத்துப்போயிடும். அந்த முட்டை ஒண்ணுகூடப் பொரியாது" என்றாள் சித்தி. அவள் குரல் உடைந்திருந்தது.

அன்று டிலைலா மடுவின் கரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். மீன்கள் எல்லாம் ஓடையின் பக்கமே மூக்கை வைத்துக்கொண்டு நின்றன. வெளிச்சம் மங்க மங்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாசலை நெருங்கின. ஒரு பெரிய மீன் தலையைக்கூட உள்ளே நீட்டிவிட்டது. அப்போது ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அத்தனை மீன்களும் சட்டென்று ஆழத்துக்குப் போய்விட்டன.

டிலைலாவுக்கு அந்த உணர்ச்சி நன்றாகத் தெரியும்.

"கோல்பி, அதுங்களுக்கு வெட்கமா இருக்கு" என்றாள்.

"மீனுக்கா?"

"ஒரு வீட்டு வாசல்ல ஊரே நின்னு உன்னையே பார்த்துட்டிருந்தா, நீ உள்ள போவியா?"

"கையை ஆட்டிக்கிட்டே போவேன்."

"நீ போவே" என்றாள் டிலைலா. "மீன் போகாது."

"அப்போ சித்திகிட்ட போய்ச் சொல்லு."

அதுதானே கஷ்டம்! டிலைலா கூட்டத்துக்குள் நுழைந்து சித்தியின் கையைத் தொட்டாள். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் சித்தியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் திரும்பி டிலைலாவைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"பசிக்குதா கண்ணு?" என்று சித்தி ஒரு ரொட்டியைக் கொடுத்தாள்.

டிலைலா குர்தீப்பிடம் போனாள். வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. குர்தீப்பும் ஒரு ரொட்டி கொடுத்தார். பெரியம்மா கேட்கவே இல்லை. பார்த்தவுடனே இரண்டு கொடுத்தாள்.

கை நிறைய ரொட்டியோடு டிலைலா திரும்பி வந்தாள்.

"சொன்னியா?" என்றான் கோல்பி.

அவள் ரொட்டிகளை அவனிடம் கொடுத்தாள். நேராக ஜெனரேட்டரிடம் நடந்தாள். அதில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழுத்தினாள்.

உறுமல் நின்றது. விளக்குகள் அணைந்தன. மேளம் அடித்தவர்கள் கையை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

"யாருடா அது?" என்று இருட்டில் மாமாவின் குரல் கேட்டது. பிறகு அவருடைய டார்ச் எரிந்தது. பிறகு எல்லோருடைய டார்ச்சும் எரிந்தது.

ஜெனரேட்டர் பக்கத்தில் யாரும் இல்லை. ரொட்டி மேசையின் விரிப்பு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"மீனுக்கு வெட்கமா இருக்கு" என்றது மேசை.

"மேசை பேசுது!" என்றார் மாமா.

"மேசை இல்லடா, நம்ம டிலைலா" என்றாள் பெரியம்மா. மாமா அவளுக்குத் தம்பி. "சும்மா இரு. அவ வாயைத் திறக்கிறதே வருஷத்துக்கு ஒரு தடவை."



"என் பிறந்தநாளுக்கு எல்லாரும் பாடினீங்க" என்றது குரல், மெதுவாக. "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கும் கேக் வேணும்னுதான் இருந்துச்சு. ஆனா எல்லாரும் என்னையே பார்த்தீங்க. வெளிய வர முடியல. இதுங்களும் அப்படித்தான். ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கு. வீடு வேற புதுசு. வாசல்ல இவ்ளோ பேர் லைட்டு போட்டு நிக்கிறீங்க."

விரிப்புக்கு அடியிலிருந்து குரல் தொடர்ந்தது.

"குஞ்சுங்களைத் தூக்கிட்டுப் போனப்போ என் வாளியை மூடி வச்சிருந்தேன். ஒண்ணுகூடக் குதிக்கல. கோல்பியோட வாளி திறந்திருந்துச்சு."

"அது உண்மை" என்றான் கோல்பி, வாய் நிறைய ரொட்டியோடு. "ஒண்ணு என் பூட்ஸுக்குள்ள வந்துடுச்சு."

சித்தி அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிழல் வேணும், நிழல் வேணும்னு குச்சி குச்சியா நட்டேனே! நட்டுட்டு, வாசல்லயே பகல் மாதிரி விளக்கையும் மாட்டிட்டேனே!"

"மாட்டினது நான்தாங்க" என்றார் குர்தீப் பாவமாக.

"பார்த்து ரசிச்சது நான்தானே!" என்ற சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "சரி, எல்லாரும் கிளம்புங்க. சத்தம் போடாம கிளம்புங்க."

எல்லோரும் நாற்காலிகளை மடக்கினார்கள், ஒருவரைத் தவிர.

"என்னால வர முடியாது. நான் காசு வாங்கின சாட்சி" என்றார் வெர்னான் மாமா, கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டு.

கூட்டம் தயங்கி நின்றது. இது விளையாட்டுப் பேச்சு இல்லை. சாட்சி சொன்ன சொல் தவறினால் நாளைக்கு அவர் பேச்சை யார் நம்புவார்கள்? 'எந்திரிங்க மாமா' என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. தனக்கும் ஒரு காசு கொடுத்திருப்பது நினைவுக்கு வர, குர்தீப்பும் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

மேசை விரிப்பு மறுபடியும் அசைந்தது.

"மாமா, நீங்க என்னன்னு சாட்சி சொல்லணும்?"

"மீன் புது ஓடைக்கு வந்துச்சுன்னு."

"காலையில ஓடைக்குள்ள மீன் இருந்தா, வந்துச்சுன்னுதானே அர்த்தம்?"

மாமா யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்க்கவே இன்னொரு கூட்டம் கூடும்போல் இருந்தது.

"மீன் கரை வழியா நடந்து வராதுங்க" என்றார் குர்தீப் மெதுவாக.

"பறந்தும் வராது" என்றார் மாமா. பிறகு அக்காவைப் பார்த்தார். "அக்கா, இது சரியா வருமா? முறைதானா?"

பெரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "முறைதான். ஆனா ஊர்ல வேற யாரும் பார்க்கிறதுக்கு முன்னாடி சாட்சிங்கதான் பார்க்கணும். விடியறப்போ ரெண்டு பேரும் இங்க இருக்கணும். அதோட, கடமான் சூப் ஊர் மண்டபத்துல ஆறிக்கிட்டிருக்கு."

சூப் என்றதும் மாமாவின் நாற்காலி தானாகவே மடங்கியது.

விளக்குகளை இறக்கினார்கள். துணிப் பதாகையைச் சுருட்டினார்கள். மேளங்களைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, பூனைகள் மாதிரி நடந்து எல்லோரும் மண்டபத்துக்குப் போனார்கள். அத்தனை பேர் காலடியும் கடந்துபோன பிறகு டிலைலா மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தாள்.

ஓடை இருட்டில் முணுமுணுத்துக்கொண்டு ஓடியது. எட்டிப் பார்க்கவேண்டும்போல் அவளுக்கு ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரும் இல்ல. வாங்க" என்றாள்.

பிறகு சூப் குடிக்க ஓடினாள்.

விடியும்போது தூறிக்கொண்டிருந்தது. சாட்சிகள் இருவரும் முன்னால் போனார்கள். சித்தியும் டிலைலாவும் கோல்பியும் பின்னால் போனார்கள். ஊர் இன்னும் பின்னால், சாலையோரமே நின்றது. அதற்குமேல் ஒரு அடி எடுத்துவைக்கக் கூடாது என்று பெரியம்மா கரண்டியோடு காவல் நின்றாள்.

முதல் வளைவில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வளைவிலும் ஒன்றும் இல்லை. சித்தி டிலைலாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வளைவில், படுக்கவைத்த மரத்தின் வேர்களுக்கு அடியில், செக்கச்சிவந்த விலாவோடு ஒரு கரிய முதுகு அசைந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அது பெண் மீன். பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் கூழாங்கற்களைத் தட்டித் தட்டி முட்டையிடப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. அதற்குமேலே இன்னும் மூன்று. அதற்குமேலே எண்ண முடியவில்லை.

வெர்னான் மாமாவின் வாய் அகலமாகத் திறந்தது. அவர் அவசரமாகத் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

"என் வளைவு" என்றார் குர்தீப் கிசுகிசுப்பாக. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மழைங்க" என்றார்.

சித்தி, கோல்பியின் கையிலிருந்த பாதி ரொட்டியைப் பிடுங்கி முழுசாகத் தின்று முடித்தாள்.

அன்று மதியம் மண்டபத்தில் விருந்து. சாட்சிகள் எழுந்து தாங்கள் கண்டதைக் கண்டபடியே சொன்னார்கள். மாமா தொப்பியைப் பற்றியும் சொன்னார். சாட்சி எதையும் மறைக்கக் கூடாது இல்லையா!

நல்ல காரியம் செய்தவர்களுக்குத் தோளில் கம்பளி போர்த்தி நன்றி சொல்வது எங்கள் வழக்கம். சித்தி ஒரு புதுக் கம்பளியை விரித்துப் பிடித்தாள். "டிலைலா, வா" என்றாள்.

ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டிலைலா உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. மேசை விரிப்பு ஆடிக்கொண்டிருந்தது.

சித்தி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "எல்லாரும் எந்திரிங்க. அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்புங்க" என்றாள்.

நாற்காலிகள் கிரீச்சிட்டன. குர்தீப் திரும்பினார். பெரியம்மா கரண்டியோடு திரும்பினாள். கோல்பியை இரண்டு பேர் பிடித்துத் திருப்பினார்கள். மண்டபம் முழுக்கச் சுவரைப் பார்த்து நின்றது.

விரிப்பு மெல்ல விலகியது. டிலைலா வெளியே வந்தாள். சித்தி அவள் தோளில் கம்பளியைப் போர்த்தினாள். கம்பளிக்குள்ளிருந்து, "நன்றி" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. ஊரே சுவரைப் பார்த்துப் பலமாகக் கைதட்டியது.

வெர்னான் மாமா மட்டும் ஒற்றைக் கண்ணால் திரும்பிப் பார்த்தார். சாட்சி ஆயிற்றே, பார்க்காமல் எப்படிச் சொல்வது?